இரண்டு இன்ச்

கொருக்குப்பேட்டை கேட் விழுந்து
கூட்ஸ் வண்டி போகிற நேரம்
எங்கள் பதினோரு மிஷினும் ஊமை.
அந்த நேரம் பார்த்துத்தான் நெல்லூருக்குப் போன் போடுவேன்,
யாருக்கும் கேட்காதென்று.

ஆடி முடிந்து தீபாவளி நைட்டி வெட்டும் காலம்.
மூவாயிரம் பீஸ், பதினெட்டு நாள் என்றார்.
சரி என்றுவிட்டேன்.
ஒரு மிஷினுக்கு ஒரு நாளைக்கு எத்தனை என்று
விரல்விட்டு எண்ணிப் பார்த்தது
போனை வைத்த பிறகு.

ஒரு சனிக்கிழமை கூலி தரவில்லை.
"பார்ட்டி இன்னும் அனுப்பல. திங்கக்கெழம பாத்துக்கலாம்."
அனுப்பியிருந்தார். எண்பதாயிரம்.
அதைக் கொண்டுபோய்ப் பழைய குட்டியானை ஒன்றுக்கு
முன்பணம் கட்டியிருந்தேன்.
அன்று காலைதான், அவசரத்தில், கேட் விழக் காத்திருக்காமல்
தெலுங்கில் சொன்னேன் போனில்:
டப்பு வச்சிந்தி அன்னா.

ஓவர்லாக் ரவணம்மா தலை நிமிரவில்லை.
அவள் வீட்டுப் பேச்சே அந்தப் பாஷை.
பொத்தான் கட்டும் பெனினா
கட்டிக்கொண்டவன் சூளூர்ப்பேட்டைக்காரன்.
கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதியவள் நான்.
எப்படி மறந்தேன்?
மறக்கவில்லை. அவர்களை ஒரு பொருட்டாய் எண்ணாததற்கு
மறதி என்று பேர் வைத்திருந்தேன்.

யாரும் சண்டை போடவில்லை.
இன்னாம்மா இது என்று ஒருத்தியாவது கேட்டிருக்கலாம்.
ஏழு பத்து கும்மிடிப்பூண்டி வண்டிக்கு
டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.
திங்கட்கிழமையிலிருந்து
நான் படியேறும் சத்தம் கேட்டால் ரேடியோ நின்றது.
டீ வந்தது, ஆறி வந்தது.
வேலை குறையவில்லை.
சொன்னதைச் செய்தார்கள்.
நூல் கலர் மாறிக் கிடந்தாலும்
சொன்னதை மட்டும் செய்தார்கள்.

அளவு அட்டையில் ஐம்பத்திரண்டு என்று எழுதியது நான்.
நெல்லூர் எப்போதும் ஐம்பத்துநாலு.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்
ஜமால்தீன் மாஸ்டருக்குத் தெரியும்.
அட்டையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
வெட்டினார்.
அறுநூறு பீஸ்.

நெல்லூர் போன் வந்தபோது கூட்ஸ் இல்லை.
கரண்ட் வேறு போயிருந்தது.
மோட்டார் நின்ற ஹாலில் ஈ பறந்தாலும் கேட்கும்.
மாஸ்டர் தப்பா, என்றார்.
ஆமாம் என்றிருந்தால் முடிந்தது.
மாஸ்டர் மறுத்திருக்கவும் மாட்டார்.
தப்பு நாதே, என்றேன்.
அளவு எழுதியது நான். நஷ்டமும் என்னுது.

எல்லாருக்கும் புரியும் என்று தெரிந்தே சொன்னேனா,
புரிய வேண்டும் என்றே சொன்னேனா,
இன்றைக்கும் தெரியாது.
பத்தினி வேஷம் கட்ட வரவில்லை.
குட்டியானையை வாங்கிய விலைக்குப் பதினைந்தாயிரம் கீழே தள்ளிவிட்டேன்.
குட்டை நைட்டிகள் பிளாட்பாரத்தில்
பாதி விலைக்குப் போயின.
நிறுத்திவைத்த கூலியை அந்தச் சனிக்கிழமை கொடுத்தேன்,
வண்டி எங்கே போன பணம் என்பதையும் சொல்லி.

சாயங்காலம் மாஸ்டர் வந்து நின்றார்.
"பாத்தேன்மா. கேட்டிருக்கணும்."
"கேக்குற மாதிரி நான் இல்லையே மாஸ்டர்."
இல்லை என்று அவர் சொல்லவில்லை.

வரவு நோட்டு இப்போது கட்டிங் மேசையில் கிடக்கிறது.
யார் வேண்டுமானாலும் புரட்டலாம் என்றேன்.
இரண்டு மாதம் யாரும் தொடவில்லை.
பிறகு பெனினா தொட்டாள்.
"கூட்டல்ல நானூறு இடிக்குது" என்றாள்.
இடித்தது.
புது ஆர்டருக்கு எத்தனை நாள் என்று கேட்டால்
ரவணம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறேன்;
நெல்லூருக்குச் சிரிப்பு.
அதே ரவணம்மா
கூலியை என் முன்னாலேயே இரண்டு தரம் எண்ணுகிறாள்.
எண்ணட்டும்.
ரேடியோ சில நாள் நிற்கிறது, சில நாள் பாடுகிறது.

நேற்று அட்டையைத் தூக்கிப் பிடித்து
மாஸ்டர் என்னவோ கேட்டார்.
கேட் விழுந்து, கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது.
காதில் விழவில்லை.
எழுந்து பக்கத்தில் போனேன்.